நடுங்கும் கையில் தீப்பந்தம்

எங்கள் ஊரான சல்லியின் கரையில் வெயில் ஏறுவதற்குள் வலை முடிகிறவர்கள் மரநிழலுக்கு வந்துவிடுவார்கள். என் பெரியப்பாவும் அப்படித்தான் வந்து உட்காருவார். காலை நீட்டி, வலையின் ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலை ஊசியைக் கண்ணிக்குள் விட்டு எடுத்து முடிச்சுப் போடுவார். ஊசி ஓடிக்கொண்டிருக்கும் வரைக்கும் அந்தக் கையில் ஒரு குறையும் தெரியாது. நூல் தீர்ந்து, கையை மடியில் வைத்துவிட்டுக் கடலைப் பார்க்கிற நேரத்தில்தான் வலது கை தன்பாட்டில் ஆடத் தொடங்கும். பெருவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டுவதுபோல ஒன்றோடொன்று உரசும். அவர் இடது கையால் அதை மெல்ல மூடிக்கொள்வார். "வயசு போகுதெல்லே, தம்பி" என்பார். நாங்களும் நம்பினோம்.

பிறகு ஒரு நாளில் முடித்த வேலைக்கு இரண்டு நாள் பிடித்தது. கொஞ்சக் காலத்தில் நிழலுக்கு வருவதையே விட்டுவிட்டார். கடைக்கும் வரவில்லை, கோயிலுக்கும் வரவில்லை. வீட்டுக்குப் போனவர்களோ, "முந்தி மாதிரி முகம் குடுத்துக் கதைக்கிறாரில்லை" என்று குறைப்பட்டுக்கொண்டு திரும்பினார்கள். அவருடைய மகளின் கல்யாணத்துக்கு நான் கொழும்பிலிருந்து வராமல் விட்டதில் கோபமாக்கும் என்று நானும் எண்ணிக்கொண்டேன். அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று ஒரு நரம்பியல் வைத்தியர் சொல்லும்போது கை ஆடத் தொடங்கி நாலு வருடம் ஆகியிருந்தது. நம் பழைய வைத்தியர்கள் நடுக்குவாதம் என்று சொல்லிவந்த நோய் அது.

அந்த நாட்களில் ஒரு காட்சியை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 1996 ஜூலை 19 இரவு, அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் தொடக்க விழா. கடைசியில் தீபத்தை ஏற்றப்போகிறவர் யார் என்பதை இரகசியமாகவே வைத்திருந்தார்கள். நீச்சல் வீராங்கனை ஜேனட் எவன்ஸ் தீப்பந்தத்தோடு மேடையேறி வர, இருட்டிலிருந்து வெள்ளை உடையில் ஒருவர் வெளிப்பட்டார். அவர் முகம்மது அலி, வயது 54. உலகக் கனரகக் குத்துச்சண்டைப் பட்டத்தை மூன்று முறை வென்ற மனிதர். வலது கை பந்தத்தை உயரப் பிடித்திருந்தது. இடது கையோ தோளிலிருந்து விரல் நுனி வரை உதறிக்கொண்டிருந்தது. முகத்தில் ஓர் அசைவும் இல்லை. அரங்கு முழுவதும் ஒரு கணம் மூச்சடங்கி, பிறகு பேரொலியாக எழுந்தது.

கண்ணீரோடு அதைப் பார்த்தவர்கள் ஏராளம். நானோ அந்த இரண்டு கைகளையே பார்த்தேன். வேலை செய்கிற கை அமைதியாக இருக்கிறது, சும்மா இருக்கிற கை ஆடுகிறது. எங்கள் மரநிழலில் நான் பல காலைகளில் பார்த்த அதே காட்சி.

இந்த நோயின் கையெழுத்தே அதுதான். இதனை ஓய்வு நடுக்கம் என்கிறார்கள். ஒரு விநாடிக்கு நாலிலிருந்து ஆறு முறை ஆடும். கை ஏதாவது ஒரு செயலில் இறங்கியதும் பெரும்பாலும் அடங்கும், ஓய்ந்ததும் திரும்பி வரும். பதற்றமோ மகிழ்ச்சியோ கூடினால் நடுக்கமும் கூடும். எத்தனையோ ஆயிரம் பேர் முன்னிலையில், உலகமே பார்த்திருக்க நிற்கிறவரின் கை அன்று அவ்வளவு ஆடியதற்கு அந்த நிமிடத்தின் உணர்ச்சியும் ஒரு காரணமாக இருந்திருக்கும். முதுமையில் பலருக்கு வரும் வேறொரு நடுக்கம் இதற்கு நேர் எதிர். தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது ஆடும், கையைக் கீழே வைத்தால் நின்றுவிடும். அது வேறு நோய், அதற்கு வேறு மருந்து. எந்த நேரத்தில் ஆடுகிறது என்பதை வீட்டில் இருக்கிறவர்கள் கவனித்துச் சொன்னாலே வைத்தியருக்குப் பாதி வழி தெரிந்துவிடும்.

மூளையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல எங்கள் கரைவலையே போதும். கரைவலையில் இரண்டு பக்கமும் இரண்டு கயிறு, இரண்டு கூட்டம் இழுக்கும். நடுவில் ஒருவர் நின்று ஒரு பக்கத்தை இழுக்கச் சொல்வார், மறுபக்கத்தை விட்டுக்கொடுக்கச் சொல்வார். அவர் கண் சோர்ந்தால் இரண்டு பக்கமும் இறுகி நிற்கும், வலை நகராது. நம் உடல் அசைவுக்கும் மூளையின் ஆழத்தில் இப்படி இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று அசைவை நடத்தும், மற்றது அடக்கும். இரண்டுக்கும் இடையே நின்று கட்டளை கொடுப்பது டொபமைன் என்னும் இரசாயனம். நடுமூளையில் கருமையாகத் தெரியும் ஒரு சின்னஞ்சிறு பகுதியிலுள்ள நரம்புக் கலங்கள் அதைச் சுரக்கின்றன. அந்தக் கருமையை வைத்தே அதற்குக் கரும்பொருள் என்ற கருத்தில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று இலத்தீனில் பெயரிட்டார்கள்.

பார்க்கின்சன் நோயில் இந்தக் கலங்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. டொபமைன் குறையக் குறைய அடக்கும் பாதையின் பிடி ஓங்குகிறது. தசைகள் விறைக்கின்றன, அசைவு தாமதமாகிறது, நடையில் அடி சுருங்குகிறது, சாய்ந்தால் நிமிர்ந்து நிற்க முடியாமல் போகிறது. எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போகும், குரல் தாழும். கண்ணிமைப்பதும் சிரிப்பதும்கூட அசைவுதானே, அவையும் குறைகின்றன. இந்த நோயாளிகளின் மூளைக் கலங்களுக்குள் சிறு உருண்டைகள் தங்கிவிடுவதை 1912இல் ஃபிரீட்ரிக் லூயி என்ற ஜெர்மானிய வைத்தியர் கண்டார். அவை ஆல்ஃபா சைனூக்ளின் என்னும் புரதம் மடிப்புக் குலைந்து திரண்ட கட்டிகள் என்பது 1997இல்தான் தெரியவந்தது.

இதில் எல்லாரும் அறிந்திருக்கவேண்டிய சேதி ஒன்று உண்டு. கை ஆடத் தொடங்கும் நேரத்தில், அசைவுக்கான டொபமைனில் பாதிக்கு மேல் ஏற்கெனவே போய்விட்டிருக்கும். மூளை அவ்வளவு காலமும் குறைந்ததை வைத்துச் சமாளித்திருக்கிறது. அதற்கு வெகு முன்பே உடல் சில அடையாளங்களைக் காட்டியிருக்கும். மணம் தெரியாமல் போவது ஒன்று. கருவாடு பொரிக்கிற வாசம் மூக்குக்கு எட்டவில்லை என்றால் அதைச் சளி என்று விட்டுவிடுகிறோம். நாட்பட்ட மலச்சிக்கல் இன்னொன்று. தூக்கத்தில் கனவுக்கு ஏற்பக் கையைக் காலை உதறிக் கத்துவது மற்றொன்று. இவை எல்லாருக்கும் இந்த நோயாக முடிவதில்லை. ஆனால் பல நோயாளிகள் திரும்பிப் பார்க்கும்போது இவை வருடக்கணக்கில் முன்னால் நிற்கின்றன.

இந்த நோய் மருத்துவ உலகுக்கு அறிமுகமான கதையே வெளியில் நடமாடும் மனிதர்களைக் கூர்ந்து பார்த்த கதைதான். லண்டனில் ஹொக்ஸ்டன் என்ற பகுதியில் வைத்தியம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் விவரித்தவர்கள் வெறும் ஆறு பேர். அவர்களில் மூவரை அவர் தெருவில்தான் கண்டார். முன்பக்கம் குனிந்து, தன் கால்களையே துரத்திப் பிடிப்பவர்போல ஓடும் அந்த நடையை வழியில் பார்த்துக் குறித்துக்கொண்டார். அந்த மூவரும் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்திருந்தால் அந்த நூலில் பாதி இருந்திருக்காது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு பிரெஞ்சு நரம்பியலாளர் ஷார்கோ நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டினார்.

முகம்மது அலி விஷயத்தில் வீதிக்குப் பதில் தொலைக்காட்சி இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அவரளவுக்கு ஒளிப்பதிவுக் கருவி முன்னால் கதைத்த விளையாட்டு வீரர் எவரும் இல்லை என்றே சொல்லலாம். அலியின் வாய் அவர் முட்டியைப்போலவே வேகமானது. எதிராளி விழப்போகும் சுற்றைச் சந்தம் கட்டிச் சொல்வார். அந்தப் பேட்டிகள் எல்லாம் பதிவாகி இருந்தன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேச்சு ஆய்வாளர்கள் 1968 முதல் 1981 வரையிலான பதிவுகளை எடுத்து, ஒரு விநாடிக்கு அவர் எத்தனை அசை சொல்கிறார் என்று அளந்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. 26 வயதுக்கும் 39 வயதுக்கும் இடையே அவர் பேச்சின் வேகம் 26 சதவீதம் குறைந்திருந்தது. ஆரோக்கியமான ஒருவருக்கு அந்த வயதில் பேச்சு அப்படித் தளர்வதில்லை. 1977 செப்டெம்பரில் கடும் அடிகாரரான ஏர்னி ஷேவர்ஸோடு 15 சுற்று மோதியதன் பிறகு எடுத்த பேட்டியில், சண்டைக்கு முன் இருந்ததைவிட வேகம் 16 சதவீதம் தாழ்ந்திருந்தது. நோய் என்று வைத்தியர்கள் பெயர் சொன்னது 1984இல், அவருக்கு 42 வயதானபோது. குரலோ அதை வருடக்கணக்கில் முன்பே சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த இடைக்காலத்தில்தான் அலி நம் தமிழர்களின் ஊர் ஒன்றுக்கு வந்துபோனார். 1980 ஜனவரி, சென்னை நேரு விளையாட்டரங்கில் பழைய நண்பரும் முன்னாள் சம்பியனுமான ஜிம்மி எல்லிஸோடு ஒரு காட்சிப் போட்டி. அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவரை வரவேற்றார். கூட்டம் முண்டியடித்துப் பார்த்த அந்த மனிதரின் மூளையில், மேற்சொன்ன அளவைகளை வைத்துப் பார்த்தால், மாற்றம் ஏற்கெனவே தொடங்கியிருக்க வேண்டும். அப்போது அவர் ஓய்வு அறிவித்திருந்தார். ஆனாலும் அந்த ஆண்டே அக்டோபர் 2இல் திரும்பவும் மேடையேறி லாரி ஹோம்ஸிடம் பரிதாபமாகத் தோற்றார். 1981 டிசம்பரில் பஹாமாஸில் கடைசிச் சண்டை. மொத்தம் 61 சண்டைகள், 56 வெற்றி, 5 தோல்வி.

அப்படியானால் குத்துச்சண்டைதான் இந்த நோயைக் கொடுத்ததா? எல்லாரும் கேட்கிற கேள்வி இது. நேர்மையான பதில் இரண்டு பகுதியாக வரும். தலையில் மீண்டும் மீண்டும் படும் அடி மூளையைக் கெடுக்கும் என்பதில் ஐயமே இல்லை. 1928இலேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க வைத்தியர் குத்துச்சண்டைக்காரர்களின் தள்ளாட்டத்தையும் குழறலையும் மறதியையும் எழுதிவைத்தார். தலைக்காயம் பார்க்கின்சன் நோய் வரும் அபாயத்தைக் கூட்டும் என்பதும் பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஆனால் அலியை நேரில் பரிசோதித்த நரம்பியலாளர்கள் உட்படச் சிலர் 2022இல் ஒரு மருத்துவ இதழில் வேறு பக்கத்தை எழுதினார்கள். அவருக்கு இருந்தது இளவயதில் தொடங்கும் வழக்கமான பார்க்கின்சன் நோயே, அடியால் வரும் மூளைச் சிதைவு அல்ல என்பது அவர்கள் முடிவு. நோய் ஒரு பக்கத்தில் கூடுதலாக இருந்தது, படிப்படியாக வளர்ந்தது, மருந்துக்கு நல்ல பலன் கிடைத்தது என்பன அவர்கள் காட்டிய சான்றுகள். அடி வாங்கியிராவிட்டாலும் வந்திருக்கலாம், அடி அதை முந்திக் கொண்டுவந்திருக்கவும் கூடும். ஒரு மனிதரின் விஷயத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கருவி எவரிடமும் கிடையாது.

குத்துச்சண்டை பக்கத்திலும் போகாத எங்கள் ஊர் மனிதருக்கு ஏன் வந்தது? வயது முதற்காரணம். சிலருக்குப் பரம்பரை. சில பூச்சிகொல்லி, களைகொல்லி நஞ்சுகளும் சந்தேகத்துக்குரியவை. அவற்றில் முன்னிற்கும் பரகுவாட் களைகொல்லியை, அதைக் குடித்து உயிர்விட்டவர்களின் தொகை தாங்காமல், இலங்கை 2008இலிருந்து படிப்படியாகத் தடைசெய்தது. பெரும்பாலான நோயாளிகளுக்குக் காரணம் இதுதான் என்று விரல்நீட்டிச் சொல்ல முடியாது. ஆகவே, "என்ன பாவம் செய்தேனோ" என்று ஒருவரும் வருந்த வேண்டியதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019இல் 85 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்த நோயோடு வாழ்ந்தார்கள். கால் நூற்றாண்டில் தொகை இரட்டித்திருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெரியப்பா இருக்கிறார்.

மருந்தின் கதையில் நமக்கு உரிமையான ஒரு பக்கம் இருக்கிறது. பூனைக்காலி என்ற கொடியை வேலிகளிலும் பற்றைகளிலும் பார்த்திருப்பீர்கள். காயின் மேல் உள்ள மயிர் மேலில் பட்டால் சொறிந்து மாளாது. 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுகூடத்தில் எம். தாமோதரன், ஆர். ராமசாமி என்ற இருவர் அந்தக் கொடியின் விதையிலிருந்து லெவோடோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்து ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அது ஒரு நாள் உலகத்தின் நடுக்கத்தை அடக்கப்போகும் மருந்து என்பது அப்போது ஒருவருக்கும் தெரியாது. டொபமைன் மூளையில் என்ன வேலை செய்கிறது என்பதே அன்று தெரிந்திருக்கவில்லை.

இருபது வருடம் கழித்து, 1957இல், சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் ஒரு பரிசோதனை செய்தார். நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து கிடைக்கும் ரெசர்பின் என்ற மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் காது தொங்கி, அசைவற்று உட்கார்ந்துவிட்டன. பிறகு லெவோடோபாவை ஏற்றினார். சிறிது நேரத்தில் அவை காதை நிமிர்த்தி ஓடத் தொடங்கின. ஒரு செடியின் சரக்கு கட்டிப்போட்டதை இன்னொரு செடியிலும் உள்ள சரக்கு அவிழ்த்துவிட்டது. மூளையின் அசைவுக்கு டொபமைன் தேவை என்பதற்கு அது சாட்சி. கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. 1960இல் வியன்னாவில் ஹோர்னிகேவிச், இறந்த பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டொபமைன் வற்றிக் கிடப்பதைக் காட்டினார். அடுத்த வருடம் வால்டர் பிர்க்மாயரோடு சேர்ந்து லெவோடோபாவை ஊசியாக ஏற்றியபோது, படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள், பலன் சில மணி நேரமே நின்றது. 1967இல் நியூயோர்க்கில் ஜார்ஜ் கொட்சியாஸ் சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டி வாய்வழியாகக் கொடுக்கும் முறையைக் கண்டார். அதன் பிறகுதான் இது நாள்தோறும் விழுங்கும் குளிசையானது. டொபமைனையே கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது, லெவோடோபா நுழைந்து உள்ளே டொபமைனாக மாறும் என்பதே இதன் சூட்சுமம். வழியிலேயே மாறி வீணாகாதபடி கார்பிடோபா என்ற துணை மருந்தையும் சேர்த்தே தருகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்தச் சோடிக்கு இடமுண்டு.

அதற்காக யாரும் வேலியில் இருக்கும் பூனைக்காலியைப் பறித்து இடிக்க வேண்டாம். விதைக்கு விதை லெவோடோபாவின் அளவு மாறும், கூடினால் வாந்தியும் மயக்கமும் வரும். எழுதித்தந்த குளிசையைத் திடீரென்று நிறுத்துவதும் உயிருக்கே ஆபத்து.

எங்களைப்போல மீன் தின்கிற ஊருக்கு இன்னொரு சேதி இருக்கிறது. லெவோடோபா ஓர் அமினோ அமிலம். மீன், இறைச்சி, முட்டை, பருப்பு எல்லாம் சமித்தால் அமினோ அமிலங்களாகின்றன. குடலிலிருந்து இரத்தத்துக்கும் இரத்தத்திலிருந்து மூளைக்கும் ஏறுகிற வாசலில் இவை எல்லாம் ஒரே வரிசையில் நெருக்கியடித்து நிற்கும். பெரியப்பா பாரைமீன் குழம்போடு சோறு தின்ற கையோடு குளிசையைப் போட்டுக்கொண்டிருந்தார். பின்னேரம் முழுக்கக் கதிரையிலிருந்து எழும்ப முடியாமல் கிடப்பார். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்திப் போடச் சொல்லி வைத்தியர் நேரத்தை மாற்றினார். வேறு ஒன்றும் செய்யவில்லை. அடுத்த கிழமை அவர் தானாகக் கிணற்றடிக்கு நடந்து போனதைப் பெரியம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தா.

குளிசை நோயை நிறுத்தாது, அசைவைத் திருப்பித் தரும். வருடங்கள் போகப்போக அதன் பலன் நிற்கும் நேரம் சுருங்கும், சிலருக்கு உடம்பு தன்பாட்டில் நெளியவும் தொடங்கும். அந்தக் கட்டத்தில் தகுந்தவர்களுக்கு மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்கம்பி வைத்துத் தூண்டும் சத்திரசிகிச்சை உண்டு. 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபித் என்ற வைத்தியர் நடுக்கத்துக்குத் தொடங்கிவைத்த முறை அது.

நோயைப் பற்றி நான் கற்றதில் என்னை அதிகம் உலுக்கியது முகம் பற்றிய விஷயம்தான். அலியின் முகம் அட்லாண்டாவில் கல்லாக இருந்ததைச் சொன்னேன். பார்க்கின்சன் நோயில் முகத் தசைகள் விறைத்து முகமூடி போட்டதுபோல் ஆகும். உள்ளே சிரிப்பும் துக்கமும் பாசமும் அப்படியே இருக்கும், வெளியே வராது. தமிழில் ஒருவரை மதித்துப் பேசுவதற்கு நாம் வைத்திருக்கும் சொல்லே முகம் கொடுப்பது. முகம் கொடுக்காதவர் நம்மைப் புறக்கணித்தவர். அந்த நோயாளியின் முகத்தைத்தான் நோய் எடுத்துக்கொண்டுவிட்டதே. அவர் எதைக் கொடுப்பார்? நாலு வருடமாக ஒரு மனிதரின் நரம்புநோயைக் கோபமென்று எண்ணி நாங்கள் ஒதுங்கியிருக்கிறோம். நாங்கள் ஒதுங்க அவரும் ஒதுங்கியிருக்கிறார். குரல் தாழ்ந்ததால் கதைக்கவும் கூச்சப்பட்டிருக்கிறார்.

இந்த இடத்தில்தான் அலி என்ற நோயாளி, அலி என்ற சம்பியனைவிட எனக்குப் பெரியவராகத் தெரிகிறார். வீரர்களை நாம் அவர்கள் உச்சத்தில் வைத்தே ஞாபகம் கொள்கிறோம். 1954இல் பாக்கு நீரிணையை நீந்திய நவரத்தினசாமியும், 1971இல் அதைப் போய்த் திரும்பி நீந்திய ஆழிக்குமரன் ஆனந்தனும் எங்கள் கடற்கரைகளில் இன்றும் அலைமேல் நிற்கும் உருவங்கள்தான். அலியும் அப்படி உச்சத்திலேயே உறைந்து போயிருக்கலாம். வீட்டுக்குள் இருந்து பழைய படங்களைக் காட்டி வாழ்ந்திருக்கலாம். உலகிலேயே அழகான, வேகமான வீரன் தான்தான் என்று தன் வாயாலேயே முழங்கியவருக்கு அந்தக் கூச்சம் மற்றவர்களைவிடக் கூடுதலாக அல்லவா இருந்திருக்க வேண்டும்.

அவர் வெளியே வந்தார். 1990இல் ஈராக்கில் பணயமாகப் பிடிபட்டிருந்த அமெரிக்கர்களுக்காகப் பாக்தாத் போய், 15 பேரை மீட்டுக்கொண்டு வந்தார். அட்லாண்டாவுக்குப் பின் 1998இல் ஐக்கிய நாடுகள் சபை அவரை அமைதித் தூதராக்கியது. 2002இல் காபூல் போனார். 1997இல் பீனிக்ஸ் நகரில் அவர் பெயரால் பார்க்கின்சன் சிகிச்சை நிலையம் ஒன்று வந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்கத்தில், ஒலிம்பிக் கொடியின் அருகே, மனைவி லோனி தாங்கிப் பிடிக்க எழுந்து நின்றார். கொடியைச் சுமந்து நடக்க அன்று அவரால் முடியவில்லை. ஆனால் நின்றார். அலி 2016 ஜூன் 3இல், 74 வயதில் மறைந்தார். நோயோடு அவர் வாழ்ந்த காலம், குத்துச்சண்டை மேடையில் நின்ற காலத்தைவிட நீளமானது. அந்த முப்பது வருடமும் அவர் ஒரு சண்டையும் போடவில்லை. நடுங்கும் கையோடு ஒரு மனிதர் மனிதர் மத்தியில் நிற்கலாம் என்பதைக் காட்டிக்கொண்டே இருந்தார். அவர் விட்டுப்போனதில் எனக்குப் பெரிதாகப்படுவது அதுதான்.

வெளியே வருவதற்கு மருத்துவக் காரணமும் இருக்கிறது. நடை, நீட்டிமடக்கும் பயிற்சி, சத்தமாக வாசிப்பது, நாலு பேரோடு கதைப்பது எல்லாம் இந்த நோயில் மருந்துக்குத் துணை நிற்பவை. கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும் நேரங்கள் உண்டு, வாசற்படி, ஒடுங்கிய பாதை, ஆள்நெருக்கம் போன்ற இடங்களில் அதிகம். அப்போது பிடித்து இழுத்தால் நோயாளி விழுவார். தரையில் குறுக்கே ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டிக் கால் எடுத்து வைப்பார். தாளம் கேட்டால் அடி வரும். உள்ளிருந்து தானாக வரவேண்டிய கட்டளை வராதபோது, கண்ணும் காதும் வேறொரு வழியாக அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. கரைவலை இழுக்கிறவர்கள் பாட்டுக் கட்டி இழுப்பதன் பலனை நாங்கள் தலைமுறையாக அறிவோம். அதுவே ஒரு நோய்க்கும் உதவும் என்பதைத்தான் இப்போது கற்றோம்.

இந்த முறை சல்லி முத்துமாரியம்மன் கோயில் பொங்கலுக்குப் பெரியப்பாவைக் கூட்டிப் போனோம். வருவதற்கு அவர் சம்மதிக்க மூன்று நாள் பிடித்தது. வீதிவாசலில் சனம் நெருக்கியடித்த இடத்தில் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பேத்தி ஒருத்தி ஓடிவந்து, தன் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தாள். "தாத்தா, இதத் தாண்டுங்கோ" என்றாள். அவர் குனிந்து பார்த்தார், தாண்டினார். அடுத்த அடி தானாக வந்தது.

பிறகு மரத்தடியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கு வராததைப் பற்றிக் கேட்டேன். கோபமோ என்றேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முன்பென்றால் அந்த மௌனத்தைப் பதிலென்று எடுத்துக்கொண்டு எழும்பிப் போயிருப்பேன். அன்று காத்திருந்தேன். பொங்கல் பானைகளின் புகை எங்களைக் கடந்து போனது. வலது கை அவர் மடியில் ஆடிக்கொண்டிருந்தது. இடது கை முழங்காலில் சும்மா கிடந்தது, அதை மூட வரவில்லை. வெகுநேரம் கழித்து, காதைக் கிட்டக் கொண்டுபோனால் மட்டும் கேட்கும் குரலில், "கோபமெண்டு ஆர் சொன்னது? உனக்கெண்டு பலகாரம் எடுத்து வைச்சனான்" என்றார்.